பி.எம்.பி. தேர்வு: புத்தகம் வாங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

வீட்டிற்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. முதல் மாதம் படம் பார்த்தாயிற்று. துபாயில் இருக்கும் மாமாவோடு முகம் பார்த்துப் பேசியாயிற்று. மின்கட்டணமும் கட்டிப் பார்த்தாயிற்று. அடுத்து என்ன? "இதை வைத்து ஏதாவது படித்து, வேலையில் ஒரு படி மேலே போக முடியுமா?" என்ற எண்ணம் பலருக்கும் வரும். நல்ல எண்ணம்தான். அப்படி எண்ணுபவர்கள் அதிகம் தேடும் சான்றிதழ்களில் ஒன்று பி.எம்.பி. எனப்படும் புராஜெக்ட் மேனேஜ்மெண்ட் சான்றிதழ்.

திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் இருக்கும் தம்பி ஒருவர் இப்படித்தான் ஆரம்பித்தார். டிப்ளமோ படித்தவர். வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் பிரிவில் ஆறு வருடமாக வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னிடம் வந்தார். கையில் ஒரு பை. அதில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடித்த புத்தகம் ஒன்று, நண்பர் கொடுத்த பென் டிரைவ் ஒன்று, ஒரு பயிற்சி மையத்தின் விளம்பரத் தாள் ஒன்று. "அண்ணே, மூணு மாசமா மனப்பாடம் பண்றேன். தலையில ஏற மாட்டேங்குது. இதுல எதைப் படிக்கிறது, எதை விடுறது?" என்று கேட்டார்.

பையைப் பிரித்துப் பார்த்தேன். புத்தகம் 2004ல் வந்த பதிப்பை ஒட்டி எழுதப்பட்டது. பென் டிரைவில் நானூறுக்கு மேல் பைல்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அவர் எழுத நினைத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கும் தகுதியே அவருக்கு இன்னும் வந்திருக்கவில்லை! மூன்று மாத இரவுகள் வீண். அந்த நிலை உங்களுக்கு வரக் கூடாது என்பதற்காகத்தான் இந்தப் பாடம்.

இந்தப் பாடத்தின் சாரம் ஒரே வரிதான். முதலில் தேர்வு, அடுத்து பாடத்திட்டம், அதன் பிறகே புத்தகம். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

எந்தத் தேர்வு உங்களுக்கு?

பி.எம்.பி. தேர்வை நடத்துவது அமெரிக்காவில் 1969ல் தொடங்கப்பட்ட புராஜெக்ட் மேனேஜ்மெண்ட் இன்ஸ்டிடியூட். சுருக்கமாக பி.எம்.ஐ. இந்த அமைப்பு 1984 முதல் பி.எம்.பி. தேர்வை நடத்தி வருகிறது. சென்னையிலும் இதன் கிளை அமைப்பு உள்ளது. தேர்வைத் தமிழில் எழுத முடியாது. எனவே ஆங்கிலத்தில் படித்துப் புரிந்து கொள்ளும் பயிற்சி தேவை.

பி.எம்.பி. அனுபவம் உள்ளவர்களுக்கான தேர்வு. பட்டப் படிப்பு முடித்தவர்களுக்கு 36 மாதங்கள், பள்ளிப் படிப்போடு நின்றவர்களுக்கு 60 மாதங்கள், புராஜெக்ட்டை முன்நின்று நடத்திய அனுபவம் வேண்டும் என்பது நெடுநாளாக இருந்து வரும் விதி. அதோடு 35 மணி நேர வகுப்புப் பயிற்சியும் வேண்டும். விதிகள் அவ்வப்போது திருத்தப்படும். டிப்ளமோ போன்ற படிப்புகள் எந்தப் பிரிவில் சேரும் என்பதையும் விண்ணப்பிக்கும் நாளில் பி.எம்.ஐ. தளத்தில் பார்த்து உறுதி செய்து கொள்ளுங்கள்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வேலை பார்த்த மாதங்கள் எல்லாம் புராஜெக்ட் மாதங்கள் ஆகாது. நம் ஊர் உதாரணம் சொல்கிறேன். திண்டுக்கல் பூட்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டறையில் தினமும் அதே பூட்டைச் செய்வது அன்றாட வேலை. அதற்கு முடிவு நாள் கிடையாது. ஆனால் ஒரு புது மாதிரிப் பூட்டை இந்தத் தேதிக்குள், இந்தச் செலவில் உருவாக்கித் தர வேண்டும் என்று இறங்கினால் அது புராஜெக்ட். திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12 அன்று திறக்கப்பட்டது. அதைக் கட்டி முடித்தது புராஜெக்ட். அங்கே இன்று நடக்கும் வகுப்பும் சிகிச்சையும் அன்றாட வேலை.

நம் தம்பிக்கு இதை விளக்கியதும் ஒரு தாளில் கணக்குப் போட்டார். ஆறு வருடத்தில் புது மெஷின்கள் நிறுவும் வேலையை அவர் முன்நின்று நடத்தியது மூன்று முறை. மொத்தம் 22 மாதங்கள். மீதி நாட்களில் பார்த்தது பழுது நீக்கும் அன்றாட வேலை. முகம் வாடிவிட்டது.

ஆனால் வழி இருக்கிறது. இதே பி.எம்.ஐ. நடத்தும் ஆரம்ப நிலைத் தேர்வின் பெயர் சி.ஏ.பி.எம். இதற்கு அனுபவம் தேவையில்லை. பள்ளிப் படிப்பு முடித்து, 23 மணி நேரப் பயிற்சி பெற்றிருந்தால் விண்ணப்பிக்கலாம். 150 கேள்விகள், மூன்று மணி நேரம். கல்லூரி மாணவர்களும், புதிதாக வேலையில் சேர்ந்தவர்களும் இதில் தொடங்கலாம்.

ஐ.டி. துறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். கட்டட வேலை, மில், தொண்டு நிறுவனம் என எந்தத் துறையிலும் புராஜெக்ட் உண்டு. காந்திகிராமம் பக்கம் கிராம வளர்ச்சிப் பணிகளில் இருப்பவர்கள் ஒரு குறிப்பிட்ட திட்டத்தை முன்நின்று முடித்திருந்தால், அதையும் அனுபவமாகக் காட்டலாம்.

முதல் டவுண்லோட்: பாடத்திட்டம்

தேர்வு முடிவாயிற்றா? இப்போது கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். நெட் இணைப்பைக் கொடுத்து, கீழ்க்கண்டபடி செய்திடுங்கள்.

1. டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, நியூ என்பதில் போல்டர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குத் "தேர்வு" என்று பெயர் கொடுங்கள். இனி எல்லாப் பைல்களும் இதற்குள்தான் இருக்க வேண்டும்.

2. பிரவுசரைத் திறந்து பி.எம்.ஐ. தளத்திற்குச் செல்லுங்கள். முகவரி: பிஎம்ஐ டாட் ஓஆர்ஜி. தேடல் முடிவுகளில் மேலே வரும் விளம்பரங்களைக் கிளிக் செய்திட வேண்டாம். அவற்றில் பல, பயிற்சி விற்கும் வேறு தளங்கள்.

3. சர்டிபிகேஷன்ஸ் என்ற பிரிவில் உங்கள் தேர்வைத் தேர்ந்தெடுங்கள். அங்கே எக்ஸாம் கண்டென்ட் அவுட்லைன் என்ற பி.டி.எஃப். பைல் இருக்கும். இதுதான் தேர்வின் பாடத்திட்டம். காசு எதுவும் கிடையாது. டவுண்லோட் செய்து "தேர்வு" போல்டரில் சேமியுங்கள்.

4. பைலைத் திறந்து முதல் பக்கங்களில் ஆண்டைப் பாருங்கள். பிறகு எந்தப் பிரிவுக்கு எத்தனை சதவீதம் என்ற பட்டியலைத் தேடுங்கள். அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து, மேஜைக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

இந்த ஒரு பக்கம் ஏன் இத்தனை முக்கியம்? 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பி.எம்.பி. பாடத்திட்டத்தைப் பாருங்கள். மக்களைக் கையாள்வது 42 சதவீதம், செயல்முறை 50 சதவீதம், வணிகச் சூழல் 8 சதவீதம். 2026 ஜூலை முதல் என்று பி.எம்.ஐ. அறிவித்த புதிய பாடத்திட்டத்தில் இவை முறையே 33, 41, 26 சதவீதம். 8 சதவீதமாக இருந்த பகுதி 26 ஆகிவிட்டது. பழைய பாடத்திட்டத்திற்கு எழுதப்பட்ட புத்தகத்தில் வணிகச் சூழலுக்கு ஒரு சின்ன அத்தியாயம்தான் இருக்கும். அதை மட்டும் படித்துவிட்டுப் புதிய தேர்வுக்குப் போனால், நான்கில் ஒரு பங்கு கேள்விகள் புதிதாகத் தெரியும். உங்கள் தேர்வு நாள் எந்தப் பாடத்திட்டத்தில் விழுகிறது என்பதை முதலில் பாருங்கள்.

சி.ஏ.பி.எம். தேர்வும் 2023ல் மாறியது. அடிப்படைகள் 36 சதவீதம், முன்திட்ட முறை 17, அஜைல் முறை 20, பிசினஸ் அனாலிசிஸ் 27 என்று பிரிக்கப்பட்டது. அதற்கு முந்தைய சி.ஏ.பி.எம். புத்தகங்களில் பிசினஸ் அனாலிசிஸ் பகுதியைத் தேடினால் கிடைக்காது. விலை குறைவு என்று வாங்கினால் நட்டம் உங்களுக்குத்தான்.

பிம்பாக்: எந்தப் பதிப்பு?

பி.எம்.ஐ. வெளியிடும் வழிகாட்டி நூலின் பெயர் பிம்பாக் கைடு. முதல் பதிப்பு 1996. பிறகு 2000, 2004, 2008, 2013, 2017, 2021 என்று பதிப்புகள் வந்தன. எட்டாம் பதிப்பு 2025ல் வந்தது. ஒவ்வொரு பதிப்பிலும் அமைப்பு மாறும். 2004ன் மூன்றாம் பதிப்பில் 44 செயல்முறைகள். 2017ன் ஆறாம் பதிப்பில் 49. 2021ன் ஏழாம் பதிப்போ 12 கோட்பாடுகள், 8 செயல்பாட்டுப் பகுதிகள் என்று வேறு பாதையில் போனது. தம்பி மூன்று மாதமாக மனப்பாடம் செய்தது அந்த 44ஐத்தான்!

பலருக்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். தேர்வு நடப்பது பிம்பாக் நூலை வைத்து அல்ல, பாடத்திட்டத்தை வைத்து. பிம்பாக் துணை நூல்களில் ஒன்று. எனவே "லேட்டஸ்ட் பிம்பாக் இருந்தால் போதும்" என்பதும் தவறு.

இன்னொரு தகவல். பி.எம்.ஐ.யில் கட்டணம் கட்டி உறுப்பினராகச் சேர்ந்தால் பிம்பாக் பி.டி.எஃப். பைலை இலவசமாக டவுண்லோட் செய்யலாம். உறுப்பினர்களுக்குத் தேர்வுக் கட்டணத்திலும் சலுகை உண்டு. உறுப்பினர் கட்டணம், சலுகை, நூலின் விலை மூன்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படிக்கும் பொருட்கள் எத்தனை வகை?

கடையில் நூறு பொருட்கள் இருந்தாலும் வகை நான்குதான். எந்த வகை எதற்கு உதவும் என்று தெரிந்தால் குழப்பம் தீரும்.

வழிகாட்டி நூல்: பிம்பாக், 2017ல் வந்த அஜைல் பிராக்டிஸ் கைடு போன்றவை. அகராதி போலப் பயன்படுத்த வேண்டும். முதல் பக்கத்தில் இருந்து கதை போலப் படித்தால் தூக்கம்தான் வரும்.

தேர்வுப் புத்தகம்: பாடத்தை விளக்கி, கேள்வியும் தருபவை. ரீட்டா மல்கஹி, ஆண்டி குரோ ஆகியோர் எழுதிய புத்தகங்கள் நெடுநாளாகப் பலர் கையில் இருப்பவை. படங்களோடு எளிமையாக வேண்டும் என்பவர்கள் ஹெட் பர்ஸ்ட் பி.எம்.பி. புத்தகத்தைத் தேடுவார்கள். அதன் நான்காம் பதிப்பு 2018ல் வந்தது. அடிப்படை புரியப் பயன்படும். ஆனால் அது 2021 பாடத்திட்டத்திற்கு முந்தையது என்பதை மறக்க வேண்டாம். எந்த நூலாக இருந்தாலும் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள். பதிப்பைப் பார்த்து வாங்குங்கள்.

வீடியோ பாடம்: ஐ.ஐ.டி.களின் என்.பி.டி.இ.எல். பாடங்களில் புராஜெக்ட் மேனேஜ்மெண்ட் பாடங்களும் உண்டு. இலவசமாகப் பார்க்கலாம். அடிப்படைக்கு நல்லது. ஆனால் இவை பி.எம்.பி. தேர்வுக்கென்று எடுக்கப்பட்டவை அல்ல. இவற்றைப் பார்த்த நேரத்தை 35 மணி நேரக் கணக்கில் காட்டலாமா என்பதை பி.எம்.ஐ. விதிகளில் பார்த்துக் கொள்ளுங்கள்.

கேள்வித் தொகுப்பு: கம்ப்யூட்டரில் கேள்வி வர, விடையைக் கிளிக் செய்யும் முறை. பி.எம்.ஐ.யே ஸ்டடி ஹால் என்ற பெயரில் கட்டணத்திற்குத் தருகிறது. வேறு நிறுவனங்களும் தருகின்றன. ஒவ்வொரு கேள்விக்கும் "ஏன் இது சரி, மற்ற மூன்றும் ஏன் தவறு" என்ற விளக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கம் இல்லாத ஆயிரம் கேள்வியை விட விளக்கம் உள்ள இருநூறு கேள்வி மேல்.

இதில் ஒரு தேர்வுப் புத்தகம், ஒரு கேள்வித் தொகுப்பு, கூடவே பாடத்திட்டம். பெரும்பாலோருக்கு இவ்வளவே போதும். நானூறு பைல் இருந்தால் நானூறும் படித்த மாதிரி ஒரு திருப்தி வரும். படித்திருக்க மாட்டோம்!

ஒரே தலைப்புச் சோதனை

எந்தப் புத்தகம் உங்களுக்குப் புரியும் என்பதை விளம்பரம் சொல்லாது. நீங்களே சோதிக்கலாம். ஆன்லைன் புத்தகக் கடைகளில் சில பக்கங்களை மாதிரியாகப் படிக்கத் தருவார்கள். நூலகம் போனாலும் தேடிப் பாருங்கள். திண்டுக்கல்லில் மாவட்ட மைய நூலகம் உள்ளது. மதுரையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் தூரம் இல்லை. இரண்டு மூன்று புத்தகங்களில் ஒரே தலைப்பை மட்டும் படியுங்கள். "கிரிட்டிக்கல் பாத்" என்ற தலைப்பு இதற்கு ஏற்றது. படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, கீழே உள்ள கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் அமைக்கிறோம். வயரிங் 6 நாள். அது முடிந்த பின் பெயிண்ட் 4 நாள். கம்ப்யூட்டர்களை முதல் நாளே ஆர்டர் செய்கிறோம். வந்து சேர 12 நாள். அறையும் தயாராகி, கம்ப்யூட்டரும் வந்த பின் நிறுவ 2 நாள். சோதித்துப் பார்க்க 1 நாள். மொத்தம் எத்தனை நாள்?

வயரிங் வழி: 6, 4, 2, 1 என்று கூட்டினால் 13 நாள். ஆர்டர் வழி: 12, 2, 1 என்று கூட்டினால் 15 நாள். நீளமான வழிதான் கிரிட்டிக்கல் பாத். எனவே லேப் தயாராக 15 நாள் ஆகும். வயரிங், பெயிண்ட் வேலைகளுக்கு 2 நாள் இடைவெளி இருக்கிறது. இதைத்தான் ஃபுளோட் என்கிறார்கள்.

எந்தப் புத்தகத்தைப் படித்த பின் இந்தக் கணக்கு உங்களுக்கு எளிதாக வந்ததோ, அதுவே உங்கள் புத்தகம். பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு புத்தகம் பிடிக்கலாம். அதனால் என்ன?

கேள்வித் தொகுப்பையும் இப்படியே சோதிக்கலாம். தேர்வில் வரும் கேள்விகள் பெரும்பாலும் சூழ்நிலைக் கேள்விகள். மாதிரிக்கு நானே எழுதிய ஒன்று:

மேலே சொன்ன லேப் வேலையில், வயரிங் 2 நாள் தாமதமாகும் என்று எலக்ட்ரீஷியன் சொல்கிறார். நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?
அ. தலைமை ஆசிரியரிடம் கூடுதல் நாள் கேட்பேன்.
ஆ. வேறு எலக்ட்ரீஷியனை அமர்த்துவேன்.
இ. தாமதத்தால் முடிவு நாள் மாறுமா என்று கணக்கிடுவேன்.
ஈ. பெயிண்டரையும் சேர்ந்தே வேலை செய்யச் சொல்வேன்.

சரியான விடை இ. கணக்கிட்டால் ஃபுளோட் 2 நாள் இருப்பதால் முடிவு நாள் மாறாது என்று தெரியும். மூன்று நாள் தாமதம் என்றால் வயரிங் வழி 16 நாளாகி, அதுவே கிரிட்டிக்கல் பாத் ஆகிவிடும். அப்போதுதான் மற்ற வழிகளை யோசிக்க வேண்டும். விஷயத்தை அறியாமல் முடிவெடுக்கக் கூடாது என்பதைத்தான் இந்தக் கேள்வி சோதிக்கிறது. இந்த மாதிரி யோசிக்க வைக்காமல், "இந்தச் சொல்லின் பொருள் என்ன?" என்று மட்டும் கேட்கும் தொகுப்புகளை ஒதுக்கிவிடுங்கள்.

எக்ஸெல்லில் மார்க் போடுங்கள்

கம்ப்யூட்டர் இருக்கும்போது தாளில் ஏன் கணக்கு? எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைத் திறந்து புதிய ஷீட் ஒன்றைத் தயார் செய்யுங்கள்.

முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளை டைப் செய்திடுங்கள்: பெயர், பதிப்பு ஆண்டு, விலை, பாடத்திட்டப் பொருத்தம், விளக்கம் புரிகிறதா, விடைக்கு விளக்கம் உண்டா, மொத்தம்.

கீழே ஒவ்வொரு புத்தகத்திற்கும் ஒரு வரிசை. கடைசித் தலைப்புக்கு முந்தைய மூன்றுக்கும் 0 முதல் 5 வரை மார்க் கொடுங்கள். அந்த மூன்று கட்டங்களை மவுஸால் தேர்ந்தெடுத்து ஆட்டோசம் பட்டனைக் கிளிக் செய்தால், மொத்தம் பக்கத்துக் கட்டத்தில் வந்துவிடும்.

பாடத்திட்டப் பொருத்தத்திற்கு மார்க் போடுவது எப்படி? பிரிண்ட் எடுத்த பாடத்திட்டப் பக்கத்தையும் புத்தகத்தின் பொருளடக்கத்தையும் அருகருகே வைத்து ஒவ்வொன்றாக டிக் செய்யுங்கள். இதில் 3க்குக் குறைந்தால், மற்ற மார்க் எவ்வளவு இருந்தாலும் அந்தப் புத்தகம் வேண்டாம். மொத்த மார்க் சமமாக வந்தால் விலையைப் பாருங்கள்.

பி.டி.எஃப். பைலாக வாங்கினால் அதன் ஆண்டையும் சரி பாருங்கள். முதல் சில பக்கங்களில் பதிப்பும் ஆண்டும் அச்சாகி இருக்கும். பைலின் பெயரில் "நியூ", "லேட்டஸ்ட்" என்று இருப்பதை நம்ப வேண்டாம். பைலுக்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரும் வைக்கலாம் அல்லவா?

பென் டிரைவ் ஆபத்து

தம்பியின் பென் டிரைவில் "உண்மையான தேர்வுக் கேள்விகள்" என்று ஒரு போல்டர் இருந்தது. இதை டம்ப் என்பார்கள். தேர்வு எழுதியவர்கள் நினைவில் வைத்துக் கொண்டு வந்து கொட்டியது என்று சொல்லி விற்கிறார்கள். மூன்று காரணங்களுக்காக இதைத் தொடாதீர்கள்.

ஒன்று, தேர்வுக் கேள்விகளை வெளியிடுவதில்லை என்று ஒப்புக் கொண்ட பிறகுதான் தேர்வே எழுத முடியும். டம்ப் அந்த ஒப்பந்தத்தை மீறி வருவது. பிடிபட்டால் சான்றிதழ் பறிபோகும். இரண்டு, பல டம்ப்களில் விடைகளே தவறு. மூன்று, உங்கள் கம்ப்யூட்டர். அந்தப் போல்டரில் பி.டி.எஃப். போல ஐகான் காட்டிய ஒரு பைல் உண்மையில் இ.எக்ஸ்.இ. பைல். அதை டபுள் கிளிக் செய்திருந்தால் வைரஸ் நுழைந்திருக்கும். விண்டோஸில் வியூ மெனு சென்று ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்து வையுங்கள். பைலின் கடைசி எழுத்துகள் தெரியும். ஏமாற்ற முடியாது.

பயிற்சி மையத்தில் என்ன கேட்க வேண்டும்?

தம்பி கொண்டு வந்த விளம்பரத் தாளில் "நூறு சதவீத பாஸ் உத்தரவாதம், 70 மார்க் எடுத்தால் பாஸ்" என்று இருந்தது. பி.எம்.பி. தேர்வில் பாஸ் மார்க் எவ்வளவு என்பதை பி.எம்.ஐ. வெளியிடுவதில்லை. முடிவில் ஒவ்வொரு பிரிவிலும் இலக்குக்கு மேல், இலக்கில், இலக்குக்குக் கீழ், முன்னேற்றம் தேவை என்றுதான் வரும். அப்படி இருக்க 70 எங்கிருந்து வந்தது?

பணம் கட்டும் முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். எந்த ஆண்டுப் பாடத்திட்டத்தை நடத்துகிறீர்கள்? எத்தனை மணி நேரத்திற்குச் சான்று தருவீர்கள்? தேர்வுக் கட்டணம் இதில் சேர்ந்ததா, தனியா? பாதியில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? பி.எம்.ஐ.யின் அங்கீகாரம் பெற்ற மையம் என்றால், தளத்தில் உள்ள பட்டியலில் பெயரைத் தேடுங்கள். ஆர்.இ.பி. என்ற பழைய அங்கீகார முறை 2020ல் முடிந்து போனது. இன்னும் அந்த முத்திரையைக் காட்டுபவர்களிடம் எச்சரிக்கை தேவை.

தவறுகளே வழிகாட்டி

படிக்கத் தொடங்கிய பின் எக்ஸெல்லில் இரண்டாவது ஷீட் ஒன்றைத் திறங்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பாடப் பிரிவையும் காரணத்தையும் எழுதுங்கள். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: பாடம் தெரியவில்லை, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, அவசர முடிவு எடுத்தேன். முதல் காரணம் அதிகம் என்றால் புத்தகத்திற்குத் திரும்புங்கள். இரண்டாவது அதிகம் என்றால் ஆங்கிலத்தில் படிக்கும் வேகத்திற்குப் பயிற்சி தேவை. மூன்றாவது அதிகம் என்றால் விடை விளக்கங்களை நிதானமாகப் படியுங்கள். இன்னொரு புத்தகம் வாங்கத் தோன்றும்போதெல்லாம் இந்த ஷீட்டைப் பாருங்கள். தேவையா இல்லையா என்று அதுவே சொல்லிவிடும்.

தேர்வை மையத்திற்குச் சென்றும் எழுதலாம், வீட்டில் இருந்து ஆன்லைனிலும் எழுதலாம். பியர்சன் வியூ நிறுவனம் நடத்தித் தருகிறது. வீட்டில் எழுதுவதானால் வெப்கேமரா, யாரும் நுழையாத அறை, நிலையான நெட் இணைப்பு வேண்டும். பியர்சன் வியூ தளத்தில் சிஸ்டம் டெஸ்ட் வசதி உண்டு. தேர்வு எழுதப் போகும் அதே கம்ப்யூட்டரில், அதே இடத்தில் சோதியுங்கள். நம் ஊரில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யு.பி.எஸ். இல்லை என்றால் மையமே நல்லது.

தம்பி இப்போது சி.ஏ.பி.எம். பாடத்திட்டத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். பழைய புத்தகத்தைக் கடையிலேயே பாதி விலைக்குக் கொடுத்துவிட்டார். பென் டிரைவை பார்மட் செய்தாயிற்று. ஒரு புத்தகம், ஒரு கேள்வித் தொகுப்பு, அவ்வளவுதான். கூடவே எக்ஸெல்லில் மூன்றாவது ஷீட் ஒன்றும் வைத்திருக்கிறார். மில்லில் அவர் முன்நின்று நடத்தும் ஒவ்வொரு மெஷின் நிறுவும் வேலையும் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிந்தது, அவர் என்ன செய்தார், மேலதிகாரி யார் என்று அதில் ஏறிக் கொண்டே போகிறது. பி.எம்.பி. விண்ணப்பத்தில் இந்த விவரங்கள் எல்லாம் தேவைப்படும். பி.எம்.ஐ. சிலரைத் தேர்ந்தெடுத்துச் சரிபார்க்கவும் செய்யும். "22 மாசம் இப்ப 25 ஆயிருச்சுண்ணே" என்று போன வாரம் சொன்னார்.

நீங்களும் இன்றே ஒரு போல்டர் திறந்து, பாடத்திட்டத்தை டவுண்லோட் செய்திடுங்கள். கடைக்குப் போவது அதற்குப் பிறகு. வாழ்த்துக்கள்!